வாழ்க்கைக்கு ஒரு நோக்கம்: மும்பைத் தமிழருக்கு ஓர் எளிய விளக்கம்

"படிச்சு முடிச்சாச்சு, வேலைக்கும் போறேன், மாசமானா சம்பளமும் வருது. ஆனா எதுக்காக ஓடுறேன்னுதான் தெரியலை." தாராவி, சயான் கோலிவாடா, அன்டாப் ஹில், செம்பூர் என்று மும்பையில் தமிழர்கள் வாழும் எந்தப் பகுதிக்குப் போனாலும், இருபதுகளில் இருக்கும் ஒருவரிடம் கொஞ்ச நேரம் மனம்விட்டுப் பேசினால் இப்படி ஒரு பேச்சு வந்துவிடும். சொல்கிறவர்கள் சோம்பேறிகள் அல்ல. விடிந்ததும் விடியாததுமாக லோக்கல் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். உழைப்பில் அவர்களுக்குக் குறை இல்லை. அவர்கள் தேடுவது வாழ்க்கை நோக்கம் என்று உளவியலாளர்கள் சொல்லும் ஒன்றை. அது என்ன, இந்த ஊரில் அது ஏன் எளிதில் அகப்படுவதில்லை, எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் வில்லியம் டேமன் இளைஞர்களின் வாழ்க்கை நோக்கத்தைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்தவர். அவர் தரும் விளக்கத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: நோக்கம் என்பது நீண்ட காலம் நிலைத்திருக்கும் ஒரு முனைப்பு. அது எனக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும். என்னைத் தாண்டி வெளியுலகிலும் அதனால் ஏதாவது நடக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எனக்குப் பிடிக்கிறது, அதோடு சரி என்றால் அது பொழுதுபோக்கு. ஊருக்குப் பயன்படுகிறது, ஆனால் எனக்கு அதில் மனசே இல்லை என்றால் அது சுமை.

இலக்கையும் நோக்கத்தையும் குழப்பிக்கொள்வது சகஜம். பட்டயக் கணக்காளராவதற்கான சி.ஏ. தேர்வில் தேறுவது ஓர் இலக்கு. தேறியதும் அது முடிந்துவிடும், அடுத்து என்ன என்ற கேள்வி வந்து நிற்கும். "நம்ம ஏரியாவில் சின்னக் கடை வைத்திருப்பவர்கள் கணக்கு வழக்கு தெரியாமல் கடனில் மூழ்கக் கூடாது" என்று ஒருவர் நினைத்தால் அது நோக்கம். அவருக்கு சி.ஏ. ஒரு வழி. தேர்வில் இரண்டு முறை தவறினாலும் அந்த எண்ணம் அப்படியே இருக்கும். கணக்கு எழுதத் தெரிந்த அளவில் இன்றைக்கே அவர் அதில் இறங்கலாம்.

பணம் சம்பாதிப்பதை இதற்கு எதிரியாக நிறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாடகை கட்ட வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அதெல்லாம் தேவை, அதில் வெட்கப்பட எதுவும் கிடையாது. தேவைகள் நிறைவேறிய பிறகும், சில சமயம் நிறைவேறாமல் இருக்கும்போதே கூட, ஒரு மனிதருக்குள் எழும் இன்னொரு கேள்வியைத்தான் இங்கே பேசுகிறோம்.

இந்தத் துறையில் தவிர்க்க முடியாத ஒரு பெயர் விக்டர் ஃபிராங்கல். வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர், 1905இல் பிறந்தவர், நாஜி வதை முகாம்களிலிருந்து உயிர் பிழைத்தவர். மனிதர் மூன்று வழிகளில் வாழ்வின் பொருளை அடையலாம் என்றார் அவர். ஒரு வேலையைச் செய்து முடிப்பதன் மூலம், ஒருவரை நேசிப்பதன் மூலம் அல்லது ஒன்றை ஆழ்ந்து அனுபவிப்பதன் மூலம், தவிர்க்கவே முடியாத துன்பத்தை எப்படி எதிர்கொள்கிறோம் என்பதன் மூலம். மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு "கஷ்டத்திலும் அர்த்தம் உண்டு, பொறுத்துக்கொள்" என்று ஏழைகளுக்கு உபதேசம் செய்கிறவர்கள் நிறைய பேர். ஃபிராங்கல் அப்படிச் சொல்லவில்லை. துன்பம் தவிர்க்கக் கூடியதாக இருந்தால், அதன் காரணத்தை அகற்றுவதுதான் அர்த்தமுள்ள செயல், அந்தக் காரணம் அரசியல் காரணமாக இருந்தாலும் சரி என்பது அவருடைய தெளிவான நிலைப்பாடு. ஏற்றத்தாழ்வான சமூகத்தில் நோக்கம் தேடுகிற யாரும் இதை மறந்துவிடக் கூடாது.

ஏற்றத்தாழ்வு இதில் எங்கே வருகிறது?

தாராவிக்கும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கும் நடுவே ஓடுவது மித்தி ஆறு மட்டும்தான். இந்தக் கரையில் கோலி என்று சொல்லும் பத்துக்குப் பத்து ஒற்றை அறையில் ஆறு பேர் தூங்குகிறார்கள். அந்தக் கரையில் பெரிய நிறுவனங்களின் கண்ணாடிக் கோபுரங்கள். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் பொருளியலாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-23இல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதமும் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதமும் மேல்மட்டத்து ஒரு சதவீதத்தினரிடம் இருந்தன. மும்பையில் இதைப் புள்ளிவிவரமாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. சயான் ஸ்டேஷனிலிருந்து நடந்தாலே கண்ணில் படும்.

இந்த இடைவெளி ஒருவருடைய நோக்கத் தேடலை எப்படிக் குலைக்கிறது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளிடம், அறுவடைக்கு முன்பும் பின்பும் சிந்தனைத் திறன் சோதனைகள் நடத்தினார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரின் அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன், கையில் காசு இல்லாத நாட்களில், அதே விவசாயி சோதனையில் குறைந்த மதிப்பெண்தான் எடுத்தார். அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு கூடுதலாக எடுத்தார். ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. பணக் கவலை மனசின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், மாசக் கடைசியில் மூளை மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒருவர், "எனக்கு லட்சியமே கிடையாது, நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று தனக்குத் தானே தீர்ப்பெழுதிக்கொள்கிறார். அவருக்குத் தேவைப்படுவது கொஞ்சம் மூச்சுவிடும் இடம். வட்டிக்கடனை அடைக்கிற வழியைக் கண்டுபிடிப்பது கூட, அவர் விஷயத்தில், நோக்கத்தைத் தேடுவதன் முதல் படிதான்.

இன்னொரு பாதிப்பு இதைவிட ஆழமானது, கண்ணுக்கும் தெரியாது. கிடைக்காது என்று தெரிந்ததும் ஆசையே சுருங்கிவிடுவது. நார்வே நாட்டுத் தத்துவ அறிஞர் யோன் எல்ஸ்டர், எட்டாத திராட்சையைப் பார்த்து "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்ற நரியை வைத்தே இதை விளக்கினார். அமர்த்தியா சென்னும் இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்: நீண்டகாலம் வஞ்சிக்கப்பட்டவர்கள், பிழைத்துக்கிடப்பதற்காக, கிடைக்கக் கூடியதை மட்டுமே விரும்பப் பழகிக்கொள்கிறார்கள். அதனால் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு வரும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. பத்தாவது முடித்து ஜூனியர் காலேஜ் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) போனதும் எல்லாம் ஆங்கிலம், சுற்றிலும் மராத்தியும் இந்தியும். முதல் மாதத்திலேயே வகுப்பில் வாயைத் திறக்கப் பயம். இரண்டு வருஷம் கழித்து அவளிடம் கேட்டால், "எனக்கு சயின்ஸ்ல எப்பவுமே இஷ்டம் இருந்ததில்லை அக்கா" என்பாள். உண்மையிலேயே இஷ்டம் இல்லையா, அல்லது கதவு அடைபட்டதால் இஷ்டமும் அடங்கிவிட்டதா? அவளுக்கே உடனே தெரியாது. ஆகவே தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: பணம், மொழி, சாதி, வீட்டுக் கட்டுப்பாடு எதுவும் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால், நான் எதை நோக்கிப் போயிருப்பேன்? பதில் இன்று நடைமுறைக்கு ஒத்துவராமல் இருக்கலாம். ஆனாலும் எந்த ஆசை சொந்தமானது, எந்தத் துறவு திணிக்கப்பட்டது என்று அது காட்டிக்கொடுக்கும்.

சாதியைப் பெயர் சொல்லிப் பேசாமல் நம் சமூகத்தில் இந்தத் தலைப்பைப் பேசவே முடியாது. 1936இல், நடக்காமல் போன லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரையில் அம்பேத்கர் இதைத்தான் சொன்னார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்றார். ஒருவருடைய திறமையையோ விருப்பத்தையோ பார்க்காமல், பெற்றோரின் சமூக நிலையைப் பார்த்து, பிறப்பதற்கு முன்பே அவருக்கு வேலையை ஒதுக்கிவிடுகிறது. வேறு வார்த்தைகளில் சொன்னால், நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே பிடுங்கிக்கொள்கிறது. தோல் பதனிடும் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அம்பேத்கரின் வாழ்க்கையே நோக்கம் எப்படி உருவாகிறது என்பதற்கு நல்ல உதாரணம். தீண்டாமையால், பள்ளியில் அவர் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து தண்ணீர் ஊற்றினால்தான் உண்டு, பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில், தன் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த சவ்தார் குளத்து நீரை ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து அள்ளிக் குடித்தார். தாகம் அவருடைய தனிப்பட்ட துன்பமாக ஆரம்பித்தது. "இது எனக்கு மட்டும் நடக்கவில்லை" என்று புரிந்த இடத்தில் அது நோக்கமாக மாறியது. டேமன் சொல்லும் இரண்டு பாதிகளும் இங்கே ஒன்றுசேர்வதைப் பாருங்கள்.

"அவர் மகான், நாம எங்கே" என்று தோன்றினால், பரேல் மில் பகுதியின் நாராயண் சுர்வேயைப் பாருங்கள். பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தையை ஒரு மில் தொழிலாளி எடுத்து வளர்த்தார். சுர்வே மில்லில் வேலை பார்த்தார், மாநகராட்சிப் பள்ளியில் கடைநிலை ஊழியராக இருந்தார், பிறகு ஆசிரியரானார். தொழிலாளர்களின் வாழ்க்கையை அவர்களுடைய பேச்சிலேயே மராத்தியில் கவிதையாக எழுதினார். வேலை மாறிக்கொண்டே இருந்தது, யாருக்காக எழுதினார் என்பது மாறவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷிகேஹிரோ ஓயிஷி, எட் டீனர் ஆகிய உளவியலாளர்கள் 132 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, வாழ்க்கைத் திருப்தி பணக்கார நாடுகளில் கூடுதலாக இருந்தது. ஆனால் "என் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது" என்றவர்கள் ஏழை நாடுகளில்தான் அதிகம். அங்கே மதப் பற்று கூடுதலாக இருந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அவர்கள் கண்டார்கள். ஏழ்மை நல்லது என்று இதை வாசிப்பது கொடுமை. நோக்கம் பணக்காரர்களின் சொத்து அல்ல என்று வாசிப்பதுதான் நியாயம்.

கவனச்சிதறல்

பொருளியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1971லேயே சொல்லிவிட்டார்: தகவல் பெருகப் பெருகக் கவனம் வறண்டுபோகும். அப்போது கைபேசி இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், கணினித் திரையில் மனிதர்கள் ஒரு விஷயத்தில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று அளந்துவருகிறார். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் 47 விநாடி. இடையில் என்ன நடந்தது என்று நமக்கே தெரியும். 2006இல், பக்கம் முடியாமல் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும் திரை அமைப்பை அஸா ரஸ்கின் உருவாக்கினார். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் விரலைத் தள்ள வைக்கிறது. இந்தியாவில் 2016க்குப் பிறகு டேட்டா விலை சரிந்து எல்லார் கைக்கும் வந்தது. புறநகர்க் கல்யாணிலிருந்து தென்மும்பையின் சி.எஸ்.எம்.டி. நிலையம் வரை லோக்கலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். பெட்டியில் பஜனை பாடுவதும், மடியில் வைத்துக் கீரை ஆய்வதும், அரட்டையும் இன்னும் இருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலான தலைகள் குனிந்தே இருக்கின்றன.

நேரம் வீணாகிறது என்பது இதில் சின்ன விஷயம் என்று நினைக்கிறேன். பெரிய விஷயம், அடுத்தவருடைய ஆசைகள் நம் ஆசைகளாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வது. இருபத்தைந்து வயதில் கார், முப்பதில் வீடு, வெளிநாட்டுப் பயணம், கூடவே "உன் நோக்கத்தைக் கண்டுபிடி" என்று கத்தும் ஒரு நிமிட வீடியோ. அந்த வீடியோவை எடுத்தவரின் அப்பா யார், அவருக்கு வீட்டு வாடகை உண்டா என்று அதில் வராது. பார்த்து முடித்ததும் மிஞ்சுவது, நான்தான் பின்தங்கிவிட்டேன் என்ற எண்ணம் மட்டும். ஏற்றத்தாழ்வும் கவனச்சிதறலும் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. ஒன்று ஒப்பிட வைக்கிறது, இன்னொன்று அதை யோசித்துப் பார்க்கவும் விடுவதில்லை.

ஆனால் "ஃபோனைத் தூக்கிப் போடு" என்ற அறிவுரையை நான் சொல்ல மாட்டேன். தனி அறை உள்ளவருக்கு அது சுலபம். ஒரே கோலியில் அப்பா அம்மா, அண்ணன் அண்ணி, குழந்தைகள் எல்லாரும் இருக்கும்போது, இயர்ஃபோன்தான் பலருக்குக் கிடைத்திருக்கும் ஒரே தனியறை. அதைப் பிடுங்குவதற்கு முன்னால், அமைதியாக உட்கார வேறு இடம் எங்கே என்று கேட்க வேண்டும். மும்பை இதற்குத் தானாகவே சில பதில்களைக் கண்டுபிடித்திருக்கிறது. வொர்லியில் 'அப்யாஸ் கல்லி' என்று ஒரு தெரு உண்டு. சால் எனப்படும் வரிசை அறை வீடுகளில் இடமில்லாத மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து படிக்கும் தெரு அது. பல பகுதிகளில் அப்யாசிகா என்ற படிப்பறைகள் இருக்கின்றன. மாட்டுங்கா பக்கம் இருப்பவர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஃபோனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, ஒரு நோட்டோடு அங்கே உட்காருங்கள். தியானம் எல்லாம் வேண்டாம். அந்த வாரத்தில் எது உங்களைக் கோபப்படுத்தியது, யாருக்கு நீங்கள் பயன்பட்டீர்கள் என்று எழுதினால் போதும்.

எங்கிருந்து தொடங்குவது?

"உனக்குப் பிடித்ததைச் செய்" என்பது பிரபலமான வழி. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நிறைய விஷயங்களை முயன்று பார்க்க வசதி உள்ளவருக்குத்தான் தனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவரும். அதைவிட நம்பகமான தடயம், மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்பது. ஒவ்வொரு சாலிலும் மராத்தி ஃபாரத்தை நிரப்பத் தெரிந்த ஒரு தம்பி இருப்பார். ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், வார்டு ஆபீஸ் மனு எல்லாம் அவரிடம்தான் வரும். ஊரிலிருந்து வந்து மராத்தியும் இந்தியும் பேச வராத பாட்டியை சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் ஓர் அக்கா இருப்பார். அவர்களிடம் "உங்கள் நோக்கம் என்ன?" என்று கேட்டால் கூச்சப்படுவார்கள். ஆனால் வெளியில் தேடும் பலரைவிட அவர்கள் அதற்கு மிக அருகில் நிற்கிறார்கள். அந்தத் தம்பி ஒரு நாள், "ஏன் ஒவ்வொரு வருஷமும் இதே ஃபாரம், இதே அலைச்சல்?" என்று கேட்கத் தொடங்கினால், அங்கே ஒரு பொதுவேலை பிறக்கிறது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரு உளவியலாளர்கள், மனிதருக்கு அடிப்படையான மூன்று மனத்தேவைகள் உண்டு என்றார்கள்: நானாக ஏற்றுச் செய்கிறேன் என்ற உணர்வு, இது எனக்குக் கைவருகிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு. நீங்கள் நினைக்கும் நோக்கத்தை இந்த மூன்றிலும் உரசிப் பார்க்கலாம். முதலாவதைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. தங்கை கல்யாணத்துக்குச் சேர்ப்பதும், திருநெல்வேலிக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதும் "சுதந்திரம் இல்லாத வாழ்க்கை" என்று சிலர் நினைக்கிறார்கள். டெசியும் ரையனும் தன்னிச்சை என்று சொல்வது யாரையும் சாராமல் தனியாக வாழ்வதை அல்ல. யோசித்து, மனசார ஏற்றுக்கொண்ட கடமையும் தன்னிச்சைதான். பயத்தாலோ குற்ற உணர்ச்சியாலோ மட்டும் சுமக்கிற கடமைதான் வேறு. இரண்டுக்கும் செய்யும் வேலை ஒன்றாகவே இருக்கலாம். உள்ளே நடப்பது முற்றிலும் வேறு.

வேலையிலேயே நோக்கம் கிடைக்க வேண்டுமா? கட்டாயம் இல்லை. ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் ஆகியோர் அமெரிக்க மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசியபோது, ஒரே வேலையைச் சிலர் தரை துடைப்பதாகவும், சிலர் நோயாளி குணமடைய உதவுவதாகவும் பார்த்தார்கள். இரண்டாவது வகையினர் நோயாளிகளிடம் பேச்சுக் கொடுத்தார்கள், தங்கள் வேலையின் எல்லையைத் தாங்களே விரித்துக்கொண்டார்கள். அழகான கண்டுபிடிப்பு இது. ஆனால் இதைக் காட்டி, குறைந்த கூலிக்கு ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டு "இது புனிதமான சேவை" என்று தொழிலாளியிடம் பேசுவது அநியாயம். அர்த்தம் காண்பது தொழிலாளியின் உரிமை, சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி கொடுக்கும் பொருள் அல்ல. உங்கள் வேலையில் அர்த்தம் தென்படவில்லை என்றால், அதைச் சோற்றுக்கான வேலையாகவே நேர்மையாகச் செய்துவிட்டு, நோக்கத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், சின்னதாக ஒரு சோதனை செய்து பாருங்கள். யோசித்து யோசித்து நோக்கத்தை முடிவுசெய்துவிட்டு இறங்கலாம் என்று காத்திருந்தால் வயசுதான் போகும். தமிழ்ப் பள்ளியிலிருந்து ஜூனியர் காலேஜ் போகும் பிள்ளைகளின் தவிப்பு உங்களை உறுத்துகிறதா? சனிக்கிழமை மாலை இரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவியல் சொற்களைச் சொல்லிக்கொடுங்கள், இரண்டு மூன்று மாதம் மட்டும். அலுப்பு வரும். அது சகஜம். அலுப்பு வந்த நாளிலும் அடுத்த வாரம் என்ன நடத்தலாம் என்று லோக்கலில் நின்றபடி மனசு தானாக யோசிக்கிறதா என்று பாருங்கள். யோசித்தால் தொடருங்கள். இல்லையென்றால் சொன்ன காலம் வரை ஒழுங்காக முடித்துக்கொடுத்துவிட்டு, வேறொன்றைப் பிடியுங்கள். முடிந்தால் தனியாகச் செய்யாதீர்கள். தொழிற்சங்கம், குடியிருப்போர் சங்கம், பெண்கள் சுய உதவிக் குழு, தமிழ்ச் சங்கம் என்று ஏதோ ஒரு கூட்டத்தோடு சேர்ந்தால், நீங்கள் சோர்கிற வாரத்தில் வேலையை இன்னொருவர் தாங்கிக்கொள்வார்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல், வாழ்வதே வீண் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், நோக்கத்தைத் தேடி அலைய வேண்டாம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.